அஞ்சு கோல் வாங்கினாலும் தோல்வி ஒண்ணுதான்: ஜாம்ஷெட்பூரின் 38 புள்ளிகள்

புள்ளிப் பட்டியலில் ஒரு அணி மேலே நிற்கிறது. ஆனால் சீசன் முழுக்க அது அடித்த கோலைவிட வாங்கிய கோல் அதிகம். இது நல்ல அணியா, இல்லை அதிர்ஷ்டக்கார அணியா?

2024-25 இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) இந்தக் கேள்விக்குச் சரியான பரிசோதனை ஒன்று தானாகவே அமைந்தது. நார்த்ஈஸ்ட் யுனைடெட் 24 ஆட்டங்களில் 38 புள்ளிகளோடு நாலாவது இடம். ஜாம்ஷெட்பூரும் அதே 24 ஆட்டம், அதே 38 புள்ளி, அஞ்சாவது இடம். நார்த்ஈஸ்ட் அடித்தது 46, வாங்கியது 29. வித்தியாசம் +17. ஜாம்ஷெட்பூர் அடித்தது 37, வாங்கியது 43. வித்தியாசம் -6. புள்ளி ஒன்று, கோலில் மட்டும் 23 இடைவெளி.

எங்க மாதனூர், ஆம்பூர் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். பச்சைத் தோலை எண்ணிக்கையில் பேசலாம். பதனிட்டு முடித்த தோலைச் சதுர அடியில்தான் அளப்பார்கள். எண்ணும்போது சின்னத் தோலும் ஒண்ணு, பெரிய தோலும் ஒண்ணு. அளக்கும்போதுதான் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். புள்ளிப் பட்டியல் எண்ணுகிறது, கோல் வித்தியாசம் அளக்கிறது.

முதலில், இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி எப்படி வந்தது என்று பார்ப்போம். ஜாம்ஷெட்பூர் 12 வெற்றி, 2 டிரா, 10 தோல்வி. நார்த்ஈஸ்ட் 10 வெற்றி, 8 டிரா, 6 தோல்வி. வெற்றிக்கு மூணு புள்ளி என்ற விதியை இங்கிலாந்து லீக் 1981-ல் கொண்டுவந்தது. உலகக் கோப்பைக்கு அது 1994-ல் வந்தது. அதற்கு முன்பு வெற்றிக்கு இரண்டே புள்ளி. பழைய கணக்கில் நார்த்ஈஸ்ட்டுக்கு 28, ஜாம்ஷெட்பூருக்கு 26. இரண்டு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றால் மூணு புள்ளி. இரண்டையும் டிரா செய்தால் இரண்டுதான். அணிகள் பயந்து டிராவுக்கு ஆடக்கூடாது என்பதற்காகப் போட்ட விதி இது. ஜாம்ஷெட்பூருக்கு அப்படியே பொருந்தியது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அந்த வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள்.

அடுத்தது அந்த -6. இது சீசன் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. 2024 அக்டோபர் 31-ல் நார்த்ஈஸ்ட்டிடம் 0-5. நவம்பர் 4-ல் சொந்த மைதானத்தில் நம்ம சென்னையின் எஃப்சியிடம் 1-5. அதே மாதம் மோகன் பகானிடம் 0-3. இந்த மூணு ஆட்டத்தில் மட்டும் 13 வாங்கி, 1 அடித்திருக்கிறார்கள். மீதி 21 ஆட்டங்களில் 36 அடித்து 30 வாங்கியிருக்கிறார்கள். அதாவது +6.

சர்வர் வேகத்தைச் சராசரியில் பார்க்கிறவர்களுக்கு இது பழகிய சிக்கல். மூணு கோரிக்கை மாட்டிக்கொண்டால் போதும், சராசரி பல்லிளித்துவிடும். மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இங்கேயே நிறுத்திக்கொண்டால் அது ரசிகர் கணக்கு. நம்ம அணியின் மோசமான நாட்களை மட்டும் தூக்கிவிட்டுப் பார்த்தால் எந்த அணியும் அழகாகத்தான் தெரியும். அதே நியாயம் எதிர் அணிக்கும் வேண்டும். நார்த்ஈஸ்ட்டின் +17-ல் இந்த 5-0 வெற்றியும் அடக்கம். அதை எடுத்துவிட்டாலும் +12 நிற்கிறது. ஆக ஜாம்ஷெட்பூர் -6 சொல்கிற அளவுக்கு மோசமான அணி இல்லை; 38 புள்ளி சொல்கிற அளவுக்கு நல்ல அணியும் இல்லை. உண்மை நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ப்ளேஆஃபில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அந்த ஐஎஸ்எல் சீசனில் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போயின. மூணு முதல் ஆறாம் இடம் வரை வந்தவர்கள் ஒரே ஒரு நாக்-அவுட் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. 2025 மார்ச் 30, ஷில்லாங். +17-ம் -6-ம் மோதின. ஜாம்ஷெட்பூர் 2-0 என்று ஜெயித்தது. அரையிறுதியில் மோகன் பகானை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வீழ்த்தியது. கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால் 0-2 என்று தோற்று, மொத்தத்தில் 2-3 என்று வெளியேறியது.

ஒரு ஆட்டத்தை வைத்துக் கோல் வித்தியாசம் பொய் என்று சொல்ல முடியாது. அது நீண்ட ஓட்டத்துக்கான அளவுகோல். 90 நிமிடத்தில் எதுவும் நடக்கும். இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்கக் கால்பந்தில் உண்டு. 2022 சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸ் 13 வெற்றி, 4 தோல்வி. ஆனால் எடுத்தது 424, கொடுத்தது 427. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டங்களையும் ஜெயித்திருந்தார்கள். ப்ளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 24-31 என்று தோற்றார்கள். அடுத்த சீசனில் 7 வெற்றி, 10 தோல்வி. முக்கிய வீரரின் காயமும் ஒரு காரணம்தான். ஆனாலும் நூலிழை வெற்றிகள் அடுத்த வருஷமும் கூடவே வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. அந்த ஜாம்ஷெட்பூரின் பயிற்சியாளர் காலித் ஜமீல். 2016-17-ல் ஐஸ்வால் எஃப்சியை மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுக்கவைத்து ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். சின்ன வளத்தை வைத்துக்கொண்டு பெரிய அணிகளைச் சாய்ப்பவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். முதல் போட்டியே மத்திய ஆசியாவின் காஃபா நேஷன்ஸ் கோப்பை. தஜிகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து, ஈரானிடம் 0-3 என்று தோற்று, ஆப்கானிஸ்தானோடு 0-0, ஓமானோடு 1-1 டிரா செய்து, பெனால்டியில் வென்று மூணாவது இடம். நாடே கொண்டாடியது. ஆனால் அடித்த கோல் 3, வாங்கியது 5.

அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. சிங்கப்பூரில் 1-1, கோவாவில் 1-2. தகுதி பெறும் வாய்ப்பு போச்சு. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. எல்லாமே ஒரு கோல் வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்கள். செப்டம்பரில் நம்ம பக்கம் சாய்ந்த தராசு அடுத்த இரண்டு மாதத்தில் மறுபக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

மூணு ஆட்டத்தை வைத்து ஜமீலைத் திட்டுவது தப்பு என்றால், நாலு ஆட்டத்தை வைத்து அவரைத் தலையில் தூக்கி வைத்ததும் தப்புதான். என் விமர்சனம் அவர் மேல் இல்லை. "ஒரு கோலில் ஜெயிப்பது ஒரு கலை" என்று எழுதிவிட்டு, அடுத்த மாதமே "ஒரு கோலில் தோற்பது கையாலாகாத்தனம்" என்று எழுதுகிற நம்ம விளையாட்டு எழுத்தின் மேல்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அணி ஒன்றேதான்.

முடிந்த சீசனில் யார் சாதித்தார்கள் என்று கேட்டால் புள்ளியைப் பாருங்கள். அது உழைத்துச் சம்பாதித்தது, யாரும் பிடுங்க முடியாது. அடுத்த சீசனில் யாரை நம்பலாம் என்று கேட்டால் கோல் வித்தியாசத்தைப் பாருங்கள். அதையும் அப்படியே விழுங்காமல், எந்தெந்த ஆட்டத்தில் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். அதற்குக் கணினி நிரல்கூட வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் அரைமணி நேரமும் போதும்.