மாலின் வெறும் துப்புரவுப் பணியாளரா?

யுபிக்விட்டின் பற்றி எழுதும்போது எல்லோரும் (நானும்தான்) ஒரே உவமையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 76 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தக் குட்டிப் புரதத்தை வேண்டாத புரதத்தின் மேல் ஒட்டினால், புரோட்டியாசோம் என்ற அரவை மெஷின் அதை அரைத்துவிடும். எதன் மேல் ஒட்டுவது என்று முடிவு செய்வது யுபிக்விட்டின் லிகேஸ். 2004 வேதியியல் நோபல் இதற்குத்தான். உவமை தப்பில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு லஃபோரா நோயைப் படித்தால் முட்டிக்கொள்வோம்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பதின்வயதில் வலிப்பு வரும். பிறகு கை கால் வெட்டி இழுக்கும், இல்லாத உருவங்கள் தெரியும், ஞாபகம் தப்பும். பெரும்பாலும் பத்து வருடத்துக்குள் மரணம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இந்த நோய். தென்னிந்தியாவிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். அக்கா மகளைக் கட்டும் வழக்கமுள்ள நம்ம திருத்தணிப் பக்கத்தில் இதை 'எங்கேயோ வரும் வியாதி' என்று ஒதுக்க முடியாது.

1998-ல் லஃபோரின், 2003-ல் மாலின் என இரண்டு புரதங்களின் ஜீன்கள் கிடைத்தன. எது கெட்டாலும் அதே நோய்தான். நியூரான்களில் கிளைகோஜன் சரியாகக் கிளைவிடாமல், ஸ்டார்ச் மாதிரி கரையாத உருண்டைகளாகத் தேங்கும். மாலின் ஒரு யுபிக்விட்டின் லிகேஸ், அது லஃபோரினையே ஒட்டி அழிக்கிறது என்று 2005-ல் ஒரு கட்டுரை வந்தது.

இங்கேதான் எனக்கு இடித்தது. மாலின் இல்லாவிட்டால் லஃபோரின் கூடணும். லஃபோரின் கூடினாலும் நோய், இல்லாவிட்டாலும் அதே நோய் என்றால் எப்படி?

2010-ல் மாலின் நீக்கிய எலிகளைப் பார்த்தார்கள். லஃபோரின் கூடியிருந்தது உண்மை. ஆனால் அது கரையாத கிளைகோஜனோடு சிக்கிக் கிடந்தது. மாலின் அழிப்பதாகச் சொல்லப்பட்ட மற்ற கிளைகோஜன் புரதங்களோ அந்த எலிகளில் கூடவில்லை. டெஸ்ட் சர்வரில் ஓடியது ப்ரொடக்‌ஷனில் ஓடவில்லை, அவ்வளவுதான். தட்டில் வளர்த்த செல்லுக்குள் ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் திணித்துப் பார்த்த முடிவுக்கு எலி சாட்சி சொல்லவில்லை.

கான்பூர் ஐஐடியில் எஸ். கணேஷ் குழு 2009-ல் வேறு கோணம் காட்டியது: லஃபோரினும் மாலினும் ஹெச்எஸ்பி70-உடன் கூட்டுச் சேர்ந்து, தப்பாக மடிந்த புரதங்களை அகற்றுகின்றன. துப்புரவு வாதத்துக்கு இது பலம்தான். ஆனால் இதுவும் வளர்ப்புச் செல்களில் பார்த்ததே. தவிர, யுபிக்விட்டின் சங்கிலி எல்லாமே மரணச் சீட்டு இல்லை. கே48 சங்கிலி பெரும்பாலும் அரவைக்கு அனுப்பும், கே63 சங்கிலி பெரும்பாலும் வேறு சேதி சொல்லும். மாலின் கே63 சங்கிலியும் போடுகிறது.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. 'குப்பை அள்ள ஆளில்லை' என்று மட்டும் நினைத்தால் மருந்தையும் அங்கேயே தேடுவோம். கிளைகோஜன் தயாரிப்பையே குறைத்துப் பார்த்த எலிகளில், மாலின் இல்லாமலும் உருண்டைகள் பெருமளவு குறைந்தன, வலிப்புத் தன்மையும் குறைந்தது. குப்பைக்காரர் வரவில்லை, குப்பை சேருவதைக் குறைத்ததே உதவியிருக்கிறது. எலியில் நடந்தது மனிதரில் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. என் பழைய பதிவில் மாலினைத் 'துப்புரவுப் பணியாளர்' என்று எழுதிய வரியை மட்டும் இன்று திருத்திவிட்டேன்.