1964-க்கு முந்தைய துவக்கு

கனடாவின் சட்பரிக்கு வடக்கே, ஏரியோரத்து வீடொன்றின் சமையலறை மேசையில், மடித்த கம்பளியின் மேல் அது கிடந்தது. போல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் தனியே வைத்திருந்தார்கள். விற்கிறவர் எழுபதைக் கடந்தவர். தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்த பிறகு மூஸ் வேட்டைக்குப் போவதை விட்டுவிட்டாராம். தோட்டா அறை காலியாக இருப்பதை என் கண்ணுக்குக் காட்டிய பிறகுதான் விலையைப் பற்றியே கதைக்கத் தொடங்கினார். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காகக் கையாளுகிற மனிதர் துவக்கை ஈரத்தோடு மூலையில் சாத்தி வைத்திருக்க மாட்டார்.

வின்செஸ்டர் மாடல் 70. தோட்டா .30-06, குழல் 24 அங்குலம், மேலே வீவர் கே-4 ஸ்கோப். பிடங்கின் முனையில் உதையைத் தாங்க யாரோ பின்னாளில் பொருத்திய செந்நிற ரப்பர். 1,100 கனேடிய டொலர் கேட்டார், 950-க்கு முடிந்தது. வாங்கி இரண்டு மாதமாகிறது, எண்பது தோட்டா வரை சுட்டுவிட்டேன்.

இந்த மாடல் 1936-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஆலையிலிருந்து வரத் தொடங்கியது. 1963 வரை செய்தவற்றுக்குத்தான் சந்தையில் தனி மரியாதை. 1964-இல் தயாரிப்புச் செலவைக் குறைக்க வடிவமைப்பிலேயே கை வைத்தார்கள். மௌசர் துவக்கைப் போல போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாகக் கிடந்த நகம், அதாவது எக்ஸ்ட்ராக்டர், காணாமல் போனது. பிடிமானத்துக்காக மரத்தில் கையால் வெட்டிய கோடுகள் போய், அச்சில் அழுத்திய கோலம் வந்தது. வேட்டைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். புதியதை விட்டுப் பழையதைத் தேடத் தொடங்கினார்கள். 1990-களில் நிறுவனமே அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்த நகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பதைப் போல்ட்டை மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் புரியும். தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்போதே அதன் அடிவிளிம்பு நகத்துக்குள் வழுக்கிப் புகுந்துவிடுகிறது. அறைக்குள் போய்ச் சேரும்வரை போல்ட் அதைக் கைவிடுவதில்லை. பாதி தள்ளிவிட்டு இழுத்தால் தோட்டாவும் கூடவே வெளியே வருகிறது. குளிரில் விறைத்த கை தடுமாறினாலும் முதல் தோட்டாவின் பின்னால் இரண்டாவது போய் முட்டி அடைத்துக்கொள்ளாது. வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஐந்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மெதுவாக, வேகமாக, பக்கவாட்டில் சரித்து என்று எல்லா விதமாகவும் ஏற்றி இறக்கினேன். ஒருமுறைகூடத் தடங்கவில்லை. வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒற்றைத் தோட்டாவை அறைக்குள் நேரே போட்டுவிட்டுப் போல்ட்டை அடித்து மூடுகிற பழக்கம் இந்த நகத்துக்கு ஆகாது. முன்னிருந்தவர் அப்படிச் செய்தாரா என்பதை நகத்தின் விளிம்பு காட்டிக்கொடுக்கும். சிதைவு இல்லாமல் கூராக இருக்க வேண்டும்.

எனக்கு வேட்டை பழக்கிய அண்ணை ஒருவர் கூட வந்திருந்தார். நான் வால்நட் மரத்தின் ரேகையில் மயங்கி நிற்க, காதுக்குள் சொன்னார்: "தம்பி, மரத்தைப் பிறகு பாக்கலாம். முதல்ல குழலுக்குள்ள பார்."

எண்ணெய் பூசிய குழல் எதுவும் பளபளக்கும். அதனால் உலர்ந்த துணித்துண்டை ஓட்டி எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். .30-06 என்றால் இதில் கூடுதல் கவனம் தேவை. அது அமெரிக்க இராணுவத்தின் தோட்டா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த இராணுவ மிச்சத் தோட்டாக்களைப் பலர் இந்த வேட்டைத் துவக்குகளில் போட்டுச் சுட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் பற்றவைப்பு மருந்து எரிந்தபின் ஒருவகை உப்பைக் குழலுக்குள் விட்டுச்செல்லும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரித்துவிடும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்று மாலையே கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசி வைத்தவர்களின் குழல்களில் இன்றைக்கும் அம்மைத் தழும்பு போன்ற குழிகளைக் காணலாம். இதில் அவை இல்லை. காடிகள் கடைசிவரை கூராக இருந்தன. அறைக்கு முன்னால் முதல் ஓரங்குலத்தில் மட்டும் சாம்பல் படர்ந்தது போன்ற மங்கல். பல நூறு முறை சுட்ட துவக்கில் சூட்டால் வருகிற தேய்வு அது. இந்த அளவுக்கு நான் அஞ்சவில்லை. குழல் வாயில் கீறலோ நெளிவோ இல்லை. போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாகவே துப்புரவு செய்யலாம் என்பதால், லீவர் துவக்குகளைப் போலத் துடைகோல் உரசி வாய் தேயும் ஆபத்து இதற்குக் குறைவு.

அடுத்து சேஃப்டி. மூன்று நிலை கொண்டது. முன்னால் தள்ளினால் சுடும். நடுவில் விசை பூட்டியிருக்கும், ஆனால் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். முழுதாகப் பின்னால் இழுத்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். காலித் துவக்கில் சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தினேன். விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை முன்னால் தள்ளினேன். அந்தக் கணத்தில் உள்ளே 'டக்' என்று ஊசி விழுந்திருந்தால் விலை எதுவானாலும் எழுந்து வந்திருப்பேன். இந்த விசையின் இழுப்பைத் திருகிக் குறைக்க முடியும். எல்லை மீறிக் குறைத்தவர்கள் உண்டு. போல்ட்டை ஓங்கி மூடியும், பிடங்கின் அடியைத் தரையில் தட்டியும் பார்த்தேன். ஊசி விழவில்லை.

போல்ட்டைத் தாங்கும் உடலான ரிசீவரின் இடப்பக்கத்தில் தொழிற்சாலை போடாத துளைகள் இரண்டு இருந்தன. ஒருகாலத்தில் பக்கவாட்டு ஸ்கோப் தாங்கி ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். சேகரிப்பவர்கள் இந்தத் துளையையும் அந்த ரப்பரையும் கண்டவுடன் திரும்பிப் போய்விடுவார்கள். இவை இல்லாத, கை படாத துவக்கு என்றால் நான் கொடுத்த காசுக்கு நினைத்தும் பார்க்க முடியாது. அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் மழைக்கும் படகுக்கும் முள்ளுப் பற்றைக்கும் பயந்து பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பேன். குழலுக்கும் போல்ட்டுக்கும் எந்தக் கேடும் செய்யாத இந்தக் குறைகள்தான் இதை என் கைக்கு எட்ட வைத்தன. காட்டுக்குக் கொண்டுபோகத் துவக்குத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: மதிப்புக் கெட்டு, வேலை கெடாத துவக்கைத் தேடுங்கள். வெளி இரும்பின் நீலக் கருமை தேய்ந்திருந்ததைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

சுடுவதற்கு முன் துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்தேன். அளவுகோல் கட்டைகளை அறைக்குள் வைத்து, மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலுள்ள வெளி பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தார், சரியாக இருந்தது. மரத்தைக் கழற்றியபோது குழலின் அடியில் 51 என்று ஆண்டு முத்திரை தெரிந்தது. போல்ட்டின் அடியில் மின்பேனாவால் கீறிய இலக்கமும் ரிசீவரின் இலக்கமும் ஒன்றே. போல்ட் மாறிய துவக்கு என்றால் அந்த அளவுகோல் கட்டைச் சோதனையைச் செய்யாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

சுடுதளத்தில் முதல் நாள் மனம் சோர்ந்துபோனது. 100 யாரில் ஐந்து தோட்டா, ஐந்து அங்குலச் சிதறல். குழல் சூடாக ஆகச் சன்னங்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. ஸ்கோப்பை வலப்பக்கம் திருகினால் அடுத்த சன்னம் பழைய இடத்திலேயே விழுந்தது. அதற்கடுத்தது தாவிப் போய் எங்கோ விழுந்தது.

இரண்டு நோய் ஒன்றாகக் கலந்திருந்தன. பிரித்தறிய ஒரே வழி, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது. என்னுடைய மற்றத் துவக்கில் நம்பிக்கையாக வேலை செய்கிற ஸ்கோப்பைக் கழற்றி இதில் பூட்டினேன். தாவல் நின்றது. மேலே ஏறுவது நிற்கவில்லை. அந்தக் காலத்து மாடல் 70-இல் முன்மரத்தைக் குழலோடு பிணைக்கும் தனித் திருகாணி ஒன்று உண்டு. குழல் சூட்டில் விரியும்போது அது இழுத்துப் பிடித்தால் குறி நகரும். யாரோ அதை மூச்சுமுட்ட இறுக்கியிருந்தார்கள். தளர்த்தி, விரலிறுக்கத்துக்கு மேல் சற்றே முறுக்கினேன். 180 கிரெய்ன் சன்னம் மூன்று, ஒன்றரை அங்குலத்துக்குள் கூடின. நான்கு முறை திரும்பச் சுட்டும் அதே அளவு. எழுபது வயதைத் தாண்டிய துவக்கிடம் இதற்கு மேல் எதைக் கேட்பது?

வீவர் கே-4-ஐக் குறை சொல்ல மனம் வரவில்லை. டெக்சஸின் எல் பாசோ நகரில் செய்த இரும்புக் குழாய் ஸ்கோப் அது. நான்கு மடங்கு பெருக்கம், மூஸ் காட்டுக்குப் போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது கண்ணாடி ஓரத்தில் மெல்லிய பால்நிறம். உள்ளே ஒட்டிய வில்லைகள் பிரியத் தொடங்கியதன் அடையாளம். அந்தக் காலத்து ஸ்கோப்புகளில் திருகத் திருகக் குறுக்குக் கோடு நடுவை விட்டு ஒதுங்கித் தெரியும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. திருகிய பின் கோடு உடனே நகராமல் ஒட்டிக்கொண்டு நின்று, உதை பட்டபின் நகர்வதுதான் பழுது. உள்ளே பழைய கிரீஸ் இறுகிவிட்டது. கடைசியாக, குளிர்ந்த கார் பெட்டியில் இரவு முழுக்க வைத்துவிட்டுச் சூடான அறைக்குள் எடுத்து வந்தேன். வெளிக்கண்ணாடியைத் துடைத்த பிறகும் உள்ளே பனி மூடியிருந்தது. அடைப்புகள் விட்டுப்போய்விட்டன. பழைய ஸ்கோப்போடு வரும் துவக்கை விலைபேசும்போது ஸ்கோப்புக்கு ஒரு சதமும் சேர்க்காதீர்கள். புதிய ஸ்கோப்பின் விலையைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள். எனக்கு அது இன்னொரு 380 டொலர்.

கனடாவில் இந்த வகைத் துவக்கு வாங்க உரிமம் வேண்டும். அதோடு 2022 மே மாதத்திலிருந்து, தனியாள் விற்றாலும் வாங்குபவரின் உரிமத்தைத் துவக்குப் பதிவாளரிடம் சரிபார்த்துக் குறிப்பிலக்கம் பெற்றாக வேண்டும். சில நிமிட வேலை. அதைத் தவிர்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது 100 யாரில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்திருக்கிறேன். 200 யாரில் குறிக்கு நேரே வந்துவிடும். விற்ற பெரியவர் போன கிழமை தொலைபேசியில் எடுத்து, எப்படிச் சுடுகிறது என்று கேட்டார். அளவைச் சொன்னேன். முன்மரத் திருகாணியைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதை இறுக்கியது தான்தான் என்றார்.