லாப் ஸ்டீல்: கிட்டார் தெரிந்தவனின் சிக்கல்

கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு லாப் ஸ்டீல் ரொம்பச் சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. அதே ஆறு கம்பி, அதே பிக்கப், அதே ஆம்ப். மடியில் படுக்க வைத்து, மேலே ஒரு இரும்பு பாரை வைத்து நகர்த்த வேண்டியதுதான். நானும் அதை நம்பித்தான் ஒன்று வாங்கினேன். இருபது வருஷமா கிட்டார் வாசிக்கிறோம், ஒரு மாசத்தில் பிடித்துவிடலாம் என்று கணக்கு. ஒன்பது மாசம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சில் எங்கே தப்பு இருக்கிறது என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

பாட்டு, சான்டோ அண்ட் ஜானியின் 'ஸ்லீப் வாக்'. 1959-ல் வந்தது. நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த அண்ணன் தம்பி. அண்ணன் சான்டோ ஸ்டீல் கிட்டார், தம்பி ஜானி சாதாரண கிட்டார். பாட்டில் பாடகரே கிடையாது. ஆனாலும் அந்த செப்டம்பரில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது. 'லா பாம்பா' (1987) படம் பார்த்தவர்களுக்குக் கேட்டவுடன் ஞாபகம் வந்துவிடும்.

இதன் கார்டு வரிசை சி மேஜர், ஏ மைனர், எஃப் மைனர், ஜி. அந்தக் காலத்து அமெரிக்கப் பாடல்களில் பாதி இப்படித்தான் போகும். மூன்றாவதாக வழக்கமான எஃப் மேஜருக்குப் பதில் எஃப் மைனர் வருகிறதே, அது ஒன்றுதான் வித்தியாசம். கிட்டாரில் இது நான்கு கார்டு, நான்கு விரல் வடிவம். முதல் வருஷ மாணவனே வாசிப்பான்.

லாப் ஸ்டீலில் விரல் வடிவம் என்ற ஒன்றே இல்லை. பார் ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே எந்த ஸ்வரங்கள் இருக்கின்றன என்பதை டியூனிங் முன்பே முடிவு செய்துவிடுகிறது. பரவலாகப் பயன்படும் சி6 டியூனிங்கை எடுத்துக்கொள்வோம். தடித்த கம்பியிலிருந்து: சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. தடித்த மூன்று கம்பிகள் சி மேஜர். மெல்லிய மூன்று கம்பிகள் ஏ மைனர். அதாவது பாரை 12-வது ஃபிரெட்டில் வைத்தால், பாட்டின் முதல் இரண்டு கார்டுக்கும் இடது கையை அசைக்கவே வேண்டாம். வலது கைதான் கம்பியை மாற்றுகிறது. பிறகு பார் 8-க்கு இறங்கினால் அதே மெல்லிய மூன்று கம்பிகளில் எஃப் மைனர். 7-ல் தடித்த மூன்றில் ஜி. ஆக 12, 12, 8, 7. முதல் இரண்டு கார்டு அசையாமல் நிற்பதும், மூன்றாவதில் மொத்தமும் சரிந்து இறங்குவதும் இந்த வாத்தியத்தின் உடம்பிலேயே இருக்கிறது. எனக்கு இது தெரிந்த அன்றைக்கு அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ப்ளூஸ் வாசிப்பவனுக்கு உயிரான டாமினன்ட் செவன்த் கார்டு, சி6-ல் பாரை நேராக வைத்தால் முழுசாகக் கிடைக்கவே கிடைக்காது. பாரைச் சாய்த்துத்தான் அதில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம். அந்தச் சாய்வுக்கே தனியாகச் சில மாசம் வேண்டும்.

'ஸ்லீப் வாக்'கைக் கிட்டார்காரர்களும் நிறைய வாசித்திருக்கிறார்கள். பிரயன் செட்சரின் 1998 வடிவத்துக்கு கிராமி விருதே கிடைத்தது. நல்ல வாசிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். செட்சரிடம் ஸ்வரம் முதலில் வருகிறது, அசைவு பிறகு வந்து சேர்கிற அலங்காரம். சான்டோவிடம் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கும் வழிதான் பாட்டு. இன்னொன்று, ஃபிரெட் மேல் விரலால் கம்பியை வளைத்து அசைக்கும்போது சுருதி மேலே மட்டும்தான் போகும். பார் ஸ்வரத்தின் இரண்டு பக்கமும் போய் வரும். பாடுகிற குரல் மாதிரி கேட்பது அதனால்தான்.

இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. நான் வாசித்ததை போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் காட்டினேன். பாட்டு கற்றுக்கொண்டிருக்கும் என் மகள் பத்து விநாடி கேட்டுவிட்டு, "அப்பா, சுருதியே சேரல" என்றாள். இருபது வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பும் இல்லை. கிட்டாரில் விரலை ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் எங்கே வைத்தாலும் ஃபிரெட் சரியான ஸ்வரத்தைக் கொடுத்துவிடும். இங்கே கோடு வெறும் அடையாளம். பார் அதற்கு நேர் மேலே நிற்க வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே இடம் தப்பிவிடும். காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது என்னிடம் இல்லை.

நம்ம ஊர் கோட்டுவாத்தியமும் மெட்டு இல்லாமல், கம்பி மேல் கட்டையை நகர்த்தி வாசிப்பதுதான். ஆனால் அங்கே ராகம் ஒரு வரியாகப் போகிறது. இங்கே மூன்று கம்பி ஒரே பாரின் கீழ் சேர்ந்து நகர்வதால் தப்பும் மூன்று மடங்கு கேட்கிறது. இப்போது தம்பூரா ஆப்பை ஓடவிட்டு, ஒரே கம்பியில் தினம் அரை மணி நேரம். கார்டு எல்லாம் அதற்கப்புறம்தான்.

இத்தனைக்கும் லாப் ஸ்டீல் கிட்டாரின் ஓரத்துக் கிளை இல்லை. 1880-களின் கடைசியில் ஹவாயில் ஜோசப் கெகுகு வளர்த்தெடுத்த முறை இது. விற்பனைக்கு வந்த முதல் எலக்ட்ரிக் கிட்டார் என்று சொல்லப்படும், 1932-ன் ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பேன்' ஒரு லாப் ஸ்டீல்தான். நாம் தோளில் மாட்டுவது பிறகு வந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். முதலில் டியூனிங்கை முடிவு செய்யுங்கள், பிறகு வாத்தியம். ஹவாய் இசையும் பழைய ஸ்விங்கும் வேண்டுமென்றால் சி6. ப்ளூஸ், ராக் என்றால் ஓப்பன் டி அல்லது ஈ. இரண்டாவது, கம்பி. சாதாரண கிட்டார் செட்டைப் போட்டு சி6-க்கு ஏற்றாதீர்கள். ஆறாவது கம்பியை எட்டு ஃபிரெட் அளவும், ஐந்தாவதை ஏழு ஃபிரெட் அளவும் ஏற்ற வேண்டி வரும். எனக்கு ஐந்தாவது அறுந்து புறங்கையில் கோடு போட்டது. சி6-க்கென்றே செட் விற்கிறார்கள். மூன்றாவது, காசைக் கொட்டும் முன், வீட்டில் கிடக்கும் பழைய கிட்டாரின் நட் மேல் ஒரு உயர்த்தும் நட் மாட்டிப் பாருங்கள். டியூனிங் ஓப்பன் டி போதும். அதில் எந்தக் கம்பியும் வழக்கத்தைவிட மேலே போவதில்லை, கழுத்துக்கு ஆபத்தில்லை. இரண்டு மாசம் கழித்தும் ஆசை இருந்தால் வாங்கலாம். நான் இதைச் செய்யவில்லை, நேராக வாங்கிவிட்டேன்.

12-லிருந்து 8-க்கு இறங்கும் அந்த இடம் எனக்கு இன்னும் பத்துக்கு நாலு முறைதான் சரியாக நிற்கிறது. மகள் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, அறைக் கதவை மட்டும் மூடிக்கொள்கிறாள்.