ஓரிரவுக் கணக்கு

இங்கிலாந்திலே வீதியில் படுத்துறங்குவோர் எத்தனை பேர்? நடுவண் அரசு கேட்கிறது. உள்ளாட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் எண்ணிக்கை எழுதி அனுப்புகின்றன. எந்த நாளின் எண்ணிக்கை? அக்டோபர் 1க்கும் நவம்பர் 30க்கும் இடையே ஏதேனும் ஓரிரவு! அவ்விரவில் தெருத்தெருவாகச் சென்று எண்ணலாம். எண்ணாமல் மதிப்பிட்டும் அனுப்பலாம். விடுதியில் ஒதுங்கியவன் இக்கணக்கில் இல்லை. நண்பன் வீட்டுக் கூடத்தில் முடங்கியவனும் இல்லை. அடி உதைக்கு அஞ்சி இருளில் மறைந்த பெண்ணோ, எண்ண வந்தவர் கண்ணுக்கே அகப்படுவதில்லை.

2010இல் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள், தோழர்களே! நேரில் எண்ணிய 70 மன்றங்கள் சொன்ன தொகை 440. எண்ணாத மன்றங்களிடமும் மதிப்பீடு கேட்டுக் கூட்டியதும் 1,247! அந்த 807 பேரும் வானத்திலிருந்து குதித்தனரோ? முன்பும் அங்கேதான் கிடந்தனர், கேட்பார்தான் இல்லை.

இக்கணக்கு தேசியப் புள்ளிவிவரத்திற்குரிய தரத்தை எட்டவில்லையென்று 2015இல் பிரிட்டனின் புள்ளிவிவர ஆணையமே உரைத்தது. 2018 ஏப்ரலில் மற்றொரு முறையும் வந்தது: வீடிழந்து மன்றத்தின் உதவியை நாடும் ஒவ்வொரு குடும்பத்தின் விவரமும் தனித்தனியே நடுவண் அரசுக்குப் போகிறது. நல்ல மாறுதலே, மறுப்பாரில்லை. ஆனால், மன்றத்தின் கதவைத் தட்டாதவன் அந்த விவரத்தில் இல்லை.