யாருடைய ‘ஆமாம்’?

‘அணு உலைக்கு மக்கள் ஆதரவு’ என்ற வாக்கியத்தில் ‘மக்கள்’ யார்? பொதுக்கருத்து என்பது எங்கோ முன்கூட்டியே இருந்துகொண்டு எண்ணப்படுவதற்காகக் காத்திருப்பதல்ல. கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே அது உற்பத்தியாகிறது. கூடங்குளம் விவாதம் உச்சத்திலிருந்த 2012இல் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்த உற்பத்தியைப் பார்த்தேன்.

அந்த ஆண்டில் சென்னைக்கு மின்வெட்டு இரண்டு மணிநேரம். எங்கள் பக்கம் அதைப்போலப் பல மடங்கு. நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளும் நின்று நின்று ஓடின. தறி ஓடினால்தான் கூலி. ‘உலையைத் தொறந்தா கரண்டு வரும்ல, அவங்க ஏன் மறிக்காங்க?’ என்பதே டீக்கடைப் பேச்சு. இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. கூலி இழந்தவரின் நியாயமான கோபம் அது. ஆனால் அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி ‘கரண்ட் வேணுமா?’ என்பதுதான். பதில் மட்டும் ‘உலை வேண்டும்’ என்று பதிவாயிற்று.

வெளி மாநில மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய வழித்தடம் இல்லாததும் அன்றைய இருட்டுக்கு ஒரு காரணம். தென்மண்டல மின்கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு முழுமையாக ஒத்திசைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான். கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில்தான் மின்கட்டமைப்பில் இணைந்தது. இந்த விவரமெல்லாம் டீக்கடைக்கு வந்து சேரவில்லை. ‘மறிக்கிறவர்கள்’ பற்றிய செய்தி மட்டும் வந்தது.

இடிந்தகரை மக்களோ 2011 முதல் தம் ‘வேண்டாம்’ஐ உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அதற்குப் பின்னால் அந்நியத் தொண்டு நிறுவனங்களைக் கண்டார். ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. ஆக, மீனவரின் மறுப்பு தூண்டிவிடப்பட்டது. தறிக்காரரின் சம்மதம் சுயமானது! அதிகாரத்தின் இலக்கணம் இது. முதல் இரு உலைகளுக்குப் பொது விசாரணையே நடக்கவில்லை: சுற்றுச்சூழல் அனுமதி 1989இலேயே தரப்பட்டது, விசாரணை விதி பிற்பாடுதான் வந்தது. இரு தரப்பையும் யாரும் முறைப்படி கேட்கவில்லை என்பதே உண்மை.

எதிர்ப்பின் பக்கம் நிற்கும் நம் எழுத்துகளுக்கும் இதில் பங்குண்டு. கடற்கரையைப் பேசிய அளவுக்கு அவை விசைத்தறிக் கூடத்தைப் பேசவில்லை. கூலியிழப்புக்குப் பதில் சொல்லாத சூழலியம் தறிக்காரரை அரசின் பக்கம் தள்ளிவிடும்.

2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று 2025 மத்திய பட்ஜெட் இலக்கு வைத்திருக்கிறது. மறுபடியும் ‘மக்கள் கருத்து’ தேவைப்படும். கரண்ட் யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில், கழிவு யார் வாசலில் என்று அந்த ஒற்றைக் கேள்வியை உடைத்து, தறிமேட்டிலும் கடற்கரையிலும் ஒருசேரக் கேட்பதுதான் இப்போது நம் வேலை.