கட்டியைக் கேட்பதா, ஈரலைக் கேட்பதா?

கட்டியில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து, கல்லீரல் புற்றுநோயாளி எத்தனை காலம் இருப்பார் எனக் கணிக்கும் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. "ஐந்து மரபணு", "ஏழு மரபணு" என்று தலைப்புதான் மாறுது. தரவு பெரும்பாலும் அமெரிக்காவின் டி.சி.ஜி.ஏ. திட்டம் பொதுவில் வைத்த சுமார் 370 பேருடையது.

கணக்கைப் பாருங்க. மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றுக்கு ஐந்து தப்பு பரவாயில்லை என்றால், சம்பந்தமே இல்லாமல் ஆயிரம் தேறிடும். என் தொழிலில் இதை ஓவர்ஃபிட்டிங் என்போம். மார்பகப் புற்றுநோயில் வெனே குழு 2011இல் சோதித்தது: வெளியான 47 மரபணுப் பட்டியல்களில் 28, அதே அளவில் குலுக்கி எடுத்த பட்டியல்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை.

அதற்காகத் துறையே வீண் என்று சொல்ல மாட்டேன். 2008இல் ஹோஷிடா குழு செய்ததுதான் எனக்கு மாதிரி. அங்கே கட்டி ஆயுளைச் சொல்லவில்லை. சுற்றியிருந்த ஈரல் சொன்னது. 82 ஜப்பானியரிடம் கண்டது, 225 அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளிடமும் நின்றது. அறுவைக்குப் பிறகும் புண்பட்ட ஈரலில் புதுக் கட்டி முளைக்கலாம் இல்லையா?

அப்போ ஈரல் எதனால் புண்பட்டது என்பது முக்கியம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்க மானாவாரிக் கடலையில், காய் முற்றும் நேரம் மழை பொய்த்தால் பூஞ்சை ஏறி அஃப்ளடாக்ஸின் சேரலாம். ஹெபடைட்டிஸ் பி இருப்பவருக்கு அது கூடுதல் ஆபத்து. மது, கொழுப்பு ஈரல் வேறு. இந்த ஈரல்களில் சோதிக்காத மதிப்பெண்ணை வைத்து நம்மூர் ஆளுக்கு நாள் குறிப்பது அறிவியல் இல்லை.

அடுத்த கட்டுரையில் முதலில் இதைத் தேடுங்க: வேற ஊர் நோயாளிகளிடம் சோதித்தார்களா?