பாதை சொன்ன அளவு

மலைச் சைக்கிளின் சக்கரம் 26 அங்குலம்தான் என்று யாரும் கணக்குப் போட்டு முடிவு செய்யவில்லை. 1970களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில் பாய்ந்திறங்கிய இளைஞர்களுக்குக் கிடைத்தவை பழைய ஷ்வின் சைக்கிள்கள். அவற்றின் பருத்த டயர் அந்த அளவில் இருந்தது. ஜோ பிரீஸ் போன்றோர் புதிதாகப் பிரேம் செய்தபோதும் அதுவே நிலைத்தது.

1999இல் நானோராப்டர் டயர் வந்ததும் 29 அங்குலம் காலூன்றத் தொடங்கியது. அதன் ரிம், சாலை சைக்கிளின் 700சி அளவுதான்; டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். பெரிய சக்கரத்தின் அருமை ஒரு மரவேரைக் கடக்கும்போது தெரியும். வேரைத் தொடும் கோணம் தாழ்வாக இருப்பதால், முட்டி நிற்காமல் ஏறி உருண்டுவிடும். ஆனால் எடை கூடும். குறுகலான வளைவில் திருப்பச் சற்று மெனக்கெட வேண்டும். அதனால் பிரெஞ்சுப் பயணச் சைக்கிள்களின் 650பி அளவு, 27.5 என்ற பெயரில் மீண்டது. 2012இல் நினோ ஷுர்ட்டர் அதில் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றை வென்றார்.

இன்று முன்னால் 29, பின்னால் 27.5 என்று சேர்த்தும் ஓட்டுகிறார்கள். முன்சக்கரம் மேடுபள்ளத்தைச் சமாளிக்கிறது, பின்சக்கரம் சட்டென்று திரும்புகிறது. பழைய 26க்கு நல்ல டயர் அருகிவருவது வருத்தம்தான். ஆனாலும் பழக்கத்தை விட்டுப் பாதையைப் பார்த்து அளவை முடிவு செய்த இந்தத் துணிவை மனதாரப் பாராட்டுகிறேன்.